பிடித்த பாடகரின் பாடலெழுதும் பேச்சு, அதே இரவு தனிக் கச்சேரி: டிக்கெட் எடுப்பது முதல் மறுநாள் காலை வரை

தானே எழுதி, தானே மெட்டுப் போட்டு, தானே பாடும் ஒருவர் மாலையில் ஒரு மணி நேரம் "பாட்டு எப்படி எழுதுகிறேன்" என்று பேசுகிறார். இரவு அதே ஆள் ஒரு கிட்டாரோடு தனியாக மேடையேறுகிறார். இந்த மாதிரி இரட்டை நிகழ்ச்சிகளுக்கு ரசிகனாகப் போயிருக்கிறேன். வாசலில் டிக்கெட் பார்த்திருக்கிறேன், கேள்வி நேரத்தில் மைக்கைத் தூக்கிக்கொண்டு வரிசை வரிசையாக ஓடியும் இருக்கிறேன். முதல் தடவை வருபவர்கள் எங்கே தடுக்கி விழுகிறார்கள் என்பது அந்த மைக் வேலையில்தான் எனக்குத் தெரிந்தது.

பெரும்பாலான தவறுகளுக்கு வேர் ஒன்றுதான். பேச்சு ஒரு நிகழ்ச்சி, கச்சேரி இன்னொரு நிகழ்ச்சி என்று பிரித்து வைத்துக்கொள்கிறார்கள். ஆனால் சொன்ன ஆளே, சொன்ன சில மணி நேரத்தில், சொன்னதைச் செய்து காட்டுகிறார். பேச்சில் கேட்டதைக் கச்சேரியில் காதால் சரிபார்க்கலாம். கீழே உள்ள வரிசை அதற்காகத்தான். படிகளை இடம் மாற்றினால் பலன் பாதியாகிவிடும்.

1. டிக்கெட் எடுக்கும் முன் அறிவிப்பை இரண்டு தடவை படியுங்கள்

முதலில் பார்க்க வேண்டியது, ஒரே டிக்கெட்டில் இரண்டும் அடங்குமா என்பது. பல இடங்களில் பேச்சுக்குத் தனி டிக்கெட், கச்சேரிக்குத் தனி டிக்கெட். சில சமயம் அரங்கமே வேறாக இருக்கும். கச்சேரி டிக்கெட்டை நீட்டிக்கொண்டு பேச்சு அரங்க வாசலில் முகம் வாடி நின்றவர்களை நானே திருப்பி அனுப்பியிருக்கிறேன். பேச்சு நடக்கும் அறை சின்னதாக இருக்கும் என்பதால் அதுதான் முதலில் தீரும். அதை முதலில் எடுங்கள்.

இரண்டாவது, அது வெறும் பேச்சா, கேள்வி பதிலா, பட்டறையா? பட்டறை என்றால் நீங்கள் எழுதிய பாட்டைக் கொண்டுவரச் சொல்லியிருப்பார்கள். வாத்தியம் கொண்டுவரலாமா என்பதும் அங்கேதான் இருக்கும். இதைப் படிக்காமல் வந்துவிட்டு, எல்லாரும் பாட்டு வரி எழுதிய தாளை எடுக்கும்போது கையைப் பிசைவது பரிதாபம்.

மூன்றாவது, கதவு திறக்கும் நேரமும் நிகழ்ச்சி தொடங்கும் நேரமும் வேறு வேறு. டிக்கெட்டில் ஒரே ஒரு நேரம் போட்டிருந்தால் அது எது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

விற்பனை தொடங்கும் தேதியைப் பாடகரின் சொந்த மின்னஞ்சல் பட்டியலில் சேர்ந்தால் பெரும்பாலும் முன்கூட்டியே தெரிந்துகொள்ளலாம். செயலியில் வரும் டிக்கெட் என்றால் ஒரு எச்சரிக்கை. சில செயலிகளில் பார்கோடு சில நொடிக்கு ஒரு தடவை மாறும். ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைத்தால் வாசலில் செல்லாது. செயலியைத் திறந்து, கணக்கில் நுழைந்த நிலையிலேயே போனைக் கொண்டுபோங்கள்.

2. எந்த வாத்தியம் என்று பார்த்து இருக்கையைத் தேர்ந்தெடுங்கள்

"முன்வரிசை கிடைத்தால் போதும்" என்பது ரசிகக் கணக்கு. நீங்கள் கற்றுக்கொள்ளவும் போகிறீர்கள் என்றால் கணக்கு மாறும்.

வலக்கைக்காரர் வாசிக்கும் கிட்டாரின் கழுத்து, பார்வையாளர் பக்கமிருந்து பார்த்தால் வலப்புறமாக நீளும். கார்டு (பல சுரங்களைச் சேர்த்து ஒரே நேரத்தில் ஒலிப்பது) பிடிக்கும் கை அங்கேதான் இருக்கும். நடுவிலோ, நடுவிலிருந்து சற்று வலப்பக்கமோ உட்கார்ந்தால் விரல்கள் தெரியும். வலது ஓரக் கடைசிக்குப் போய்விடாதீர்கள், கிட்டாரின் தலை மட்டும்தான் தெரியும். பெரிய பியானோ என்றால் நேர் எதிர். வாசிப்பவர் வழக்கமாக நமக்கு இடப்பக்கம், தன் வலது தோள் நம்மைப் பார்க்க உட்காருவார். கட்டைகளும் கைகளும் தெரிய இடப்பக்க இருக்கை வேண்டும்.

கை தெரிவதைவிடச் சொல் தெளிவாகக் கேட்பதுதான் முக்கியம் என்றால், ஒலிக் கட்டுப்பாட்டு மேஜைக்குப் பக்கத்தில் இடம் தேடுங்கள். அங்கே உட்கார்ந்திருப்பவர் தன் காதுக்கு எது நன்றாக இருக்கிறதோ அப்படித்தான் ஒலியைச் சரிசெய்கிறார். அவர் கேட்பதை நீங்களும் கேட்பீர்கள். என் ஓட்டு பேச்சுக்கு முன்வரிசை, கச்சேரிக்கு ஒலி மேஜைப் பக்கம்.

3. முந்தைய வாரம்: ஐந்து பாட்டு, அதற்கு மேல் வேண்டாம்

புதிதாக வருபவர்கள் அந்த வாரம் முழுக்க எல்லா ஆல்பங்களையும் ஓடவிடுவார்கள். நல்ல பொழுதுபோக்கு, மோசமான தயாரிப்பு. எல்லாம் கலங்கி, பேச்சில் ஒரு பாட்டின் பெயர் வரும்போது "எதுவோ கேட்ட மாதிரி இருக்கே" என்ற நிலைதான் மிஞ்சும்.

ஐந்து பாட்டை எடுங்கள். உங்களுக்கு மிகப் பிடித்தவை இரண்டு. எல்லாருக்கும் தெரிந்தது ஒன்று, ஏனென்றால் அதைப் பற்றி யாராவது கட்டாயம் கேட்பார்கள். சமீபத்தியது ஒன்று, பாடகர் தாமாகப் பேச விரும்புவது அதைத்தான். ஐந்தாவதாக, உங்களுக்குப் பிடிக்காத ஒன்று. பிடித்த பாட்டில் நாம் மயங்கிவிடுவோம். பிடிக்காத பாட்டில்தான் தையல் தெரியும்.

4. அந்த ஐந்தையும் கையால் எழுதுங்கள்

இந்தப் படியை நூற்றுக்குத் தொண்ணூறு பேர் விட்டுவிடுகிறார்கள். இதைச் செய்துவிட்டு வருபவர்களுக்குக் கேள்வி தானாக வருகிறது.

இணையத்தில் இருக்கும் வரிகளை அச்செடுக்காதீர்கள். காதால் கேட்டு, நிறுத்தி நிறுத்தி, பேனாவால் எழுதுங்கள். எழுதும்போது கை மெதுவாகப் போவதால், கேட்கும்போது நழுவிய சின்ன மாற்றங்கள் கண்ணில் படும். ஒரு கற்பனைப் பாட்டைச் சொல்கிறேன். பல்லவியில் மூன்று தடவை "கதவு திறந்திருக்கு" என்று வருகிறது. கடைசித் தடவை மட்டும் "கதவு திறந்திருந்தது". ஒரே ஒரு காலமாற்றம். ஆனால் அங்கே ஒரு ஆள் வீட்டை விட்டுப் போய்விட்டார். நூறு தடவை கேட்டிருந்தாலும் எழுதினால்தான் இது பிடிபடும்.

எழுதிய தாளில் நாலு விஷயங்களைக் குறியுங்கள். ஒவ்வொரு பகுதியும் எத்தனை வரி. பல்லவி எத்தனையாவது நொடியில் முதல் தடவை வருகிறது. சரணங்களுக்கு நடுவே, மெட்டும் கார்டும் மாறி ஒரே ஒரு தடவை மட்டும் வரும் இணைப்புப் பகுதி இருக்கிறதா. எந்த வரியில் எதுகையோ இயைபோ எதிர்பார்த்து ஏமாந்தீர்கள்.

ஐந்தாவதாக ஒன்று, தமிழில் எழுதிப் பாடுபவர் என்றால். நீண்ட சுரத்தில் எந்த எழுத்து உட்கார்ந்திருக்கிறது என்று பாருங்கள். நெடிலை இழுத்தால் சொல் சொல்லாகவே இருக்கும். குறிலை இழுத்தால் "படம்" "பாடம்" ஆகிவிடும், "மலை" "மாலை" ஆகிவிடும். நல்ல எழுத்தாளர்கள் இதைத் தவிர்க்க வரியையே மாற்றுவார்கள், அல்லது மெட்டை ஒரு சுரம் நெளிப்பார்கள். எதைச் செய்திருக்கிறார் என்று கண்டுபிடித்தால், மெட்டுக்குப் பாட்டா, பாட்டுக்கு மெட்டா என்று ஓரளவு ஊகிக்கலாம். ஊகத்தை ஓரத்தில் எழுதி வையுங்கள். பேச்சில் விடை கிடைக்கும்.

வாத்தியம் தெரிந்தவர்கள் ஒரு பாட்டையாவது வாசித்துப் பாருங்கள். ரெக்கார்டிங்கில் எந்த சுருதி என்று குறியுங்கள், இரவு தேவைப்படும்.

5. இரண்டு கேள்வி தயார் செய்யுங்கள், கேட்கப் போவது ஒன்று

மைக்கோடு ஓடியபோது நான் அதிகம் கேட்ட கேள்வி, "உங்களுக்கு யோசனை எங்கிருந்து வருகிறது?" இதற்குப் பாடகர் சொல்லும் பதில் ஏற்கெனவே நூறு பேட்டிகளில் சொன்னது. அவர் மீது தப்பில்லை. கேள்வியில் பிடிமானம் இல்லை.

ஒரு பாட்டை, ஒரு வரியைக் காட்டிக் கேளுங்கள். "கடைசிப் பல்லவியில் 'திறந்திருந்தது' என்று மாறுகிறதே, அது முதல் வரைவிலேயே இருந்ததா, பாடிப் பாடி வந்ததா?" இதற்குப் பதில் சொல்ல அவர் அந்த நாளுக்குத் திரும்பிப் போக வேண்டும். அப்போது முகம் மாறுவதைப் பார்ப்பீர்கள். தயார் பதில் அங்கே உதவாது.

கேள்வி 20 நொடிக்குள் முடிய வேண்டும். வீட்டில் சத்தமாகச் சொல்லி, நேரம் பாருங்கள். "நான் சின்ன வயசுலேருந்து உங்க ரசிகன்" என்ற முன்னுரையை வெட்டுங்கள், அரங்கில் இருப்பவர்கள் எல்லாரும் அதேதான். நானும் ஒரு காலத்தில் நாலு பகுதி கொண்ட ஒரு கேள்வியைக் கேட்டேன். நாலாவது பகுதிக்கு மட்டும், அதுவும் இருப்பதிலேயே சுலபமானதற்கு, பதில் வந்தது. நினைவில் நிற்பது கடைசியாகக் கேட்டதுதான், யாருக்கானாலும்.

இரண்டு கேள்வி எதற்கு? ஒன்றை வேறு யாராவது கேட்டுவிடுவார்கள், அல்லது பேச்சிலேயே விடை வந்துவிடும்.

6. பை

கோடு போட்ட சின்ன நோட்டு, இரண்டு பேனா, எழுதிய ஐந்து தாள்கள், சார்ஜ் ஏற்றிய போன், காது அடைப்பான். தனிக் கச்சேரிக்கு அடைப்பான் எதற்கு என்று சிரிக்க வேண்டாம். முன்னால் வேறொரு குழு வாசிக்கலாம், உங்கள் இருக்கை ஒலிபெருக்கிக்கு நேரே அமையலாம். பட்டறை என்றால் உங்கள் பாட்டின் வரித்தாள் ஆறு நகல், கேப்போ (கிட்டார் கழுத்தில் எல்லாத் தந்திகளையும் சேர்த்து அழுத்தும் கவ்வி), டியூனர் (சுருதி பார்க்கும் கருவி).

பெரிய பை வேண்டாம். சில அரங்குகளில் அளவு பார்த்து வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். நோட்டும் அதோடு போய்விடும்.

7. பேச்சில் என்ன எழுதுவது, எதை விடுவது

அரை மணி முன்னதாக உட்காருங்கள். முதல் ஐந்து நிமிடம் எதையும் எழுத வேண்டாம். பேசுபவரின் வேகம் பிடிபடட்டும்.

பிறகு நோட்டைக் குறுக்காகத் திருப்பி மேலிருந்து கீழாக இரண்டு கோடு போட்டு மூன்று பத்தியாகப் பிரியுங்கள். முதல் பத்தியில் அவர் சொன்னது, இரண்டாவதில் எந்தப் பாட்டு, மூன்றாவதில் இரவு எதைக் கவனிக்க வேண்டும். மூன்றாவது பத்திதான் உயிர். உதாரணத்துக்கு, "இரண்டாவது சரணம் புதுசா ஒண்ணும் சொல்லலைன்னா தூக்கிடுவேன்" என்று அவர் சொன்னால், மூன்றாவது பத்தியில் "இன்றைக்கு எந்தப் பாட்டில் சரணம் குறைகிறது?" என்று எழுதுங்கள். "மெட்டு முதல்ல, வார்த்தைக்குப் பதிலா தன்னானேதான் பாடிட்டிருப்பேன்" என்றால், "தன்னானே மிச்சம் இருக்கிற இடம் எது?" என்று எழுதுங்கள். தத்தகாரத்தில் பிறந்த பாட்டில் பெரும்பாலும் எங்கோ ஒரு "ஓ", ஒரு "லலலா" வார்த்தையாகாமலே தங்கிவிடும்.

சொன்னதையெல்லாம் எழுத முயல்வது அடுத்த பொதுத் தவறு. கையைப் பார்த்துக்கொண்டிருந்தால் அவர் கிட்டாரில் காட்டும் இடத்தைத் தவறவிடுவீர்கள். வாத்தியத்தைத் தொட்டவுடன் பேனாவைக் கீழே வையுங்கள். கேப்போ கழுத்தின் எந்தக் கட்டத்தில் (ஃப்ரெட்டில்) இருக்கிறது என்பதை மட்டும் ஒரு எண்ணாகக் குறித்தால் போதும். கேப்போ ஒரு கட்டம் ஏறினால் சுருதி அரை சுரம் ஏறும். இரண்டாவது கட்டத்தில் கேப்போ போட்டு ஜி கார்டின் வடிவத்தைப் பிடித்தால் கேட்பது ஏ கார்டு. இதைக் குறிக்காமல் விரலை மட்டும் பார்த்து எழுதிக்கொண்டு போய், வீட்டில் ரெக்கார்டிங்கோடு சேரவில்லையே என்று தலையைச் சொறிந்தவர்கள் பலர்.

விரல்களின் வடிவமே அடையாளம் தெரியவில்லை என்றால் தந்திகளையே வேறு சுருதிக்கு மாற்றியிருப்பார். வழக்கமான இ, ஏ, டி, ஜி, பி, இ-யில் தடித்த தந்தியை மட்டும் டி-க்கு இறக்குவது அதிகம் பார்க்கக் கிடைப்பது. கேள்வி நேரத்தில் கேட்கத் தகுந்த விஷயம் இது. ஒரு சொல்லில் பதில் வரும், அரங்கில் இருக்கும் வாத்தியக்காரர்கள் எல்லாரும் மனதுக்குள் நன்றி சொல்வார்கள்.

ஒலிப்பதிவு செய்யலாமா என்று தொடங்கும் முன் அமைப்பாளரிடம் கேளுங்கள். கூடாது என்றால் கூடாதுதான். பேச்சில் பாதி எழுதிய பாட்டுகளைப் பாடிக் காட்டுவார்கள். அது வெளியே கசியும் என்று தெரிந்தால் அடுத்த ஊரில் காட்டமாட்டார்கள்.

8. இடைவெளி: இந்த 20 நிமிடத்தை யாருக்கும் கொடுக்காதீர்கள்

பேச்சு முடிந்ததும் கூட்டம் எழுந்து பொருள் விற்கும் மேஜைக்கு ஓடும். நீங்கள் ஓடாதீர்கள். அந்த மேஜை கச்சேரி முடிந்தும் இருக்கும். சட்டை தீர்ந்துவிடுமே என்று பயந்தால் கூட வந்தவரை வரிசையில் நிறுத்துங்கள்.

ஒரு மூலையில் உட்கார்ந்து குறிப்பைச் செப்பனிடுங்கள். அரைகுறைச் சொற்களை முழு வாக்கியமாக்குங்கள். இதைச் செய்யாமல் விட்ட ஒரு இரவின் நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. அதில் பெரிய எழுத்தில் "மெட்டு — ஜன்னல் — இல்லவே இல்லை!!" என்று இருக்கிறது. மூன்று கோடு வேறு போட்டிருக்கிறேன். இன்றுவரை அது என்ன என்று தெரியாது.

பிறகு மூன்றாவது பத்தியிலிருந்து மூன்றே மூன்று வேலைகளைத் தேர்ந்தெடுத்து ஒரு துண்டுத் தாளில் எழுதி மனப்பாடம் செய்யுங்கள். மூன்றுக்கு மேல் எடுத்தால் கச்சேரி பரீட்சையாகிவிடும்.

9. கச்சேரி: நோட்டை மூடுங்கள்

இருட்டில் எழுத முடியாது. போனில் எழுதினால் திரை வெளிச்சம் பின்வரிசைக்கும் மேடைக்கும் தெரியும். தனியாகப் பாடுபவருக்கு ஒளிந்துகொள்ளப் பின்னணி வாத்தியம் கிடையாது. மூன்றாவது வரிசையில் ஒரு முகம் நீலமாக மினுங்கினால் அவர் கண் அங்கேதான் போகும்.

உங்கள் மூன்று வேலைகளை முதல் ஐந்தாறு பாட்டுக்குள் முடித்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு வேலையை விட்டுவிட்டுச் சும்மா கேளுங்கள். இது சலுகை அல்ல. பாட்டு எங்கே உங்களைத் தூக்கியது என்பதும் ஒரு தகவல்தான், ஆராய்ந்துகொண்டே இருந்தால் அது வராது.

கேட்க வேண்டிய இடங்கள் சில. ரெக்கார்டிங்கில் முழு வாத்தியக் குழு வாசித்த பாட்டைத் தனியாகப் பாடும்போது எதை வைத்துக்கொண்டார், எதை விட்டார்? நீண்ட இடையிசை இருந்த இடத்தை எப்படி நிரப்புகிறார், சுருக்கிவிட்டாரா, முணுமுணுக்கிறாரா, பேசுகிறாரா? சுருதியை இறக்கியிருக்கிறாரா? வயதாக ஆகக் குரல் கீழே வரும்போது பலர் இறக்குவார்கள். வரி மாறியிருக்கிறதா? அச்சான பாட்டின் வரியை மேடையில் வேண்டுமென்றே மாற்றிப் பாடினால், அவர் இன்னும் அந்தப் பாட்டை எழுதி முடிக்கவில்லை என்று அர்த்தம். அந்த இரவின் பொக்கிஷம் அதுதான்.

கைதட்டித் தாளம் போடுவது பற்றி ஒரு சொல். தனிக் கச்சேரியில் பாடகர் வேகத்தை வரிக்கு வரி இழுத்து விடுவார், சொல்லுக்காக நிற்பார். கூட்டத்தின் கைதட்டல் அதைக் கட்டிப் போட்டுவிடும். தவிரவும் ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர்தான் போகும். மேடையிலிருந்து 34 மீட்டரில் இருப்பவருக்குப் பாட்டு பத்தில் ஒரு நொடி தாமதமாகக் கேட்கிறது. அவர் தட்டும் சத்தம் மேடைக்குத் திரும்ப இன்னொரு பத்தில் ஒரு பங்கு. மேடையில் நிற்பவர் காதில் அது தாளம் தப்பித்தான் விழும். அவரே கேட்டால் தட்டுங்கள்.

பாட்டுப் பட்டியலை நினைவில் வைக்க ஒரு சின்ன வித்தை. ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு விரல் மடக்கி, ஒரு சொல்லை அதோடு கட்டுங்கள். பத்துப் பாட்டு வரைக்கும் வேலை செய்யும்.

10. கையெழுத்து வரிசை

உங்களுக்குக் கிடைப்பது அரை நிமிடம். பேச்சில் கேட்ட ஒன்றைக் கச்சேரியில் கண்டுபிடித்திருந்தால் அதைச் சொல்லுங்கள்: "மூணாவது பாட்டுல ரெண்டாவது சரணத்தை விட்டுட்டீங்களே, சாயங்காலம் சொன்னதுதானே?" வரிசையில் நூறு பேர் "சூப்பர்" என்று சொன்ன பிறகு இப்படி ஒருவர் வந்தால் பேனா ஒரு நொடி நிற்கும்.

உங்கள் பாட்டை, பதிவை, வரித்தாளை அவர் கையில் திணிக்காதீர்கள். கேட்காமல் வரும் பாட்டுகளைப் பலர் தொடவே மாட்டார்கள். பின்னாளில் அவர் எழுதும் ஏதோ ஒன்று உங்களுடையதைப் போல இருந்துவிட்டால் திருட்டு வழக்கு வரலாம். அந்தத் தாளை வாங்காமல் இருப்பது திமிர் என்று நினைத்து வருந்திப் போனவர்களைப் பார்த்திருக்கிறேன். பட்டறையில் அவரே கேட்டு வாங்குவது வேறு விஷயம்.

11. அன்றிரவும் மறுநாள் காலையும்

வீடு திரும்பும் வழியில், விரலோடு கட்டிய பாட்டுப் பட்டியலை எழுதிவிடுங்கள். மூன்று வேலைகளுக்கும் என்ன விடை கிடைத்தது என்று ஒவ்வொரு வரி. ஒன்றுக்கும் விடை கிடைக்கவில்லை என்றால் அதையும் எழுதுங்கள். பேச்சில் சொன்னதும் மேடையில் செய்ததும் முரண்பட்டால் இரண்டு கோடு போட்டுக் குறியுங்கள். எழுத்தாளர்கள் தாங்கள் செய்வதாக நினைப்பது ஒன்று, கை செய்வது இன்னொன்று. எனக்குக் கிடைத்த நல்ல பாடங்கள் பல அந்த முரண்களில்தான் இருந்தன.

காலையில் ரெக்கார்டிங்கைப் போடும் முன் ஒன்று செய்யுங்கள். முந்தைய இரவு கேட்ட பாட்டுகளில் எது தானாக வாயில் வருகிறதோ, அதை உங்கள் குரலில், வரி மறந்த இடத்தில் தன்னானே போட்டு, போனில் பதிவு செய்யுங்கள். பிறகு மூலத்தைக் கேளுங்கள். நீங்கள் மறந்த வரிகளும், மாற்றிப் பாடிய சுரங்களும் எங்கே என்று பாருங்கள். மாற்றிய இடங்களை மட்டும் தனியே எடுத்து, அதிலிருந்து நாலு வரி எழுதத் தொடங்குங்கள். மூலத்தின் மெட்டு அதில் ஒட்டிக்கொண்டிருக்கும். மூன்றாவது வரைவில் கார்டு வரிசையை மாற்றுங்கள், ஐந்தாவதில் தாளத்தை. அதற்குள் நோட்டில் அடுத்த பக்கம் தேவைப்படும்.